சும்மா கிடந்த கடல்

2022 கார்த்திகையில் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தின் கடிதத் தாளில் ஒரு கடிதம் எழுதினேன். "மேற்குறித்த இடத்தில் தற்போது வேறு தொழில் எதுவும் நடைபெறவில்லை. அவ்விடத்தில் கடலட்டைப் பண்ணை அமைப்பதில் எமது சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை." கீழே செயலாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து. மேலே விண்ணப்பகாரர் என்ற இடத்தில் இருந்ததும் என் பெயர்தான். தலைவர் அந்தக் கிழமை மகளின் பிள்ளைப்பேற்றுக்காக ஊரில் இல்லை. திரும்பி வந்தவர் "நீர் எழுதினதுதானே" என்று சொல்லி, வாசிக்காமலே தானும் ஒப்பமிட்டார்.

கடிதத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லியே இரண்டு வருடம் நிம்மதியாய் நித்திரை கொண்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்குப் பஸ்ஸில் வந்தவர்களுக்கு எங்கள் கடல் தெரியும். பண்ணைப் பாலம் தாண்டி அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று வந்து, புங்குடுதீவுக்குப் போகும் வாணர் பாலத்தில் ஏறினால் இரண்டு பக்கமும் அலையில்லாத தண்ணீர். நயினாதீவு அம்மனிடம் போகிற சனம் அதைப் பார்த்துக்கொண்டே போகும். நல்ல வற்றில் முழங்கால், பெருக்கில் இடுப்பு, அவ்வளவுதான் ஆழம். பரவைக்கடல் என்போம். அதற்குள் கம்புகள் நிற்கும். முன்பெல்லாம் ஒரே வகைக் கம்புதான், சிறகுவலைக் கம்பு. நீளமாய் இரண்டு சிறகு விரித்து, கரையோரம் மேயவரும் மீனை மெல்ல மெல்ல ஒரு பட்டிக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இப்போது இன்னொரு வகையும் நிற்கிறது. நாற்சதுரமாய் வலை அடைத்து, மூலையில் தண்ணீருக்கு மேலே ஒரு காவல் கொட்டில், அதில் ஒரு சோலர் விளக்கு. அதுதான் அட்டைப் பண்ணை. பஸ்ஸுக்குள் இருந்து பார்த்தால் இரண்டும் கம்புதான்.

நான் கடற்றொழிலாளியின் மகன். ஆனால் கடல் எனக்கு வராது. 1991இல் தீவகம் காலியானபோது எனக்குப் பதினைந்து வயது. வலிகாமத்தில் சொந்தக்காரர் வீடு, பிறகு வன்னி, பிறகு முகாம். ஒரு பெடியன் தகப்பனின் வள்ளத்தில் பின்னணியத்தில் இருந்து தொழில் படிக்கிற பத்து வருடத்தை நான் கிணற்றடியிலும் ரியூசன் கொட்டிலிலும் கழித்தேன். அப்பா வன்னியிலேயே போய்விட்டார். 2010இல் திரும்பி வந்தபோது வீட்டுச் சுவர் நின்றது, வடலிகள் பனையாகியிருந்தன. எந்த மாதம் எந்தத் தண்ணீரில் எது ஏறும் என்று சொல்லித்தர ஆள் இல்லை. உயர்தரம் படித்திருந்தேன், கையெழுத்து அழகு. சங்கத்துக்குச் செயலாளர் ஆக அது போதும்.

இந்தப் பின்கதையை எனக்குச் சாட்டாகச் சொல்லவில்லை. என்னிடம் என்ன இருந்தது, என்ன இல்லை என்று தெரிந்தால்தான் மிச்சம் விளங்கும்.

2022ஐ ஒருவரும் மறந்திருக்கமாட்டார்கள். எங்கள் வள்ளத்து இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. முதலில் மண்ணெண்ணெய் இல்லை; கானை வரிசையில் வைத்துவிட்டு இரவு அங்கேயே படுத்தோம். ஆகஸ்டில் எண்ணெய் வந்தது, 87 ரூபாய் விற்ற லீற்றர் 340 ரூபாய்க்கு. கடலுக்குப் போனால் நட்டம், போகாவிட்டால் பட்டினி. அந்த நேரத்தில்தான் எல்லோர் வாயிலும் அட்டை என்ற சொல். 2019இலேயே கடற்றொழில் அமைச்சரான டக்ளஸ் தேவானந்தா நீர்வேளாண்மை என்று சொல்லிக்கொண்டிருந்தார். 2022 நடுவில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் 5000 ஏக்கரில் பெரும் அட்டைப் பண்ணைத் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நாட்டுக்கு டொலர் வேண்டும். அட்டை டொலர் கொண்டுவரும். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நீருயிரின வளர்ப்பு அதிகாரசபை இருக்கிறதே, எங்கள் வாயில் 'நக்டா', அதுவரை குளத்து மீன்குஞ்சுக்காரர் என்றுதான் எங்களில் பலர் நினைத்திருந்தோம். திடீரென்று அதன் பெயர் தேத்தண்ணிக் கடையெல்லாம் அடிபட்டது.

உதவி என்றால் அது சும்மா வராது. ஒரு கட்டுத் தாளாக வரும். இடத்தின் வரைபடம், ஆள்கூறு, கிராம அலுவலரின் உறுதி, பிரதேச செயலகம், கடற்றொழில் திணைக்களம், வங்கிக்கு இரண்டு பிணையாளர், எல்லாவற்றுக்கும் அடியில் சங்கத்தின் கடிதம். சிறகுவலை கட்டத் தெரிந்தவருக்கு இந்தக் கட்டைக் கட்டத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த வருடம் பதினொரு பேருக்கு எழுதிக்கொடுத்தேன். காசு வாங்கவில்லை, மீன் கொண்டுவந்து தந்தார்கள், வாங்கினேன். எழுதிக்கொண்டு போகப் போக ஒன்று பிடிபட்டது. இந்த உதவிக்குத் தகுதி கடல் அல்ல, தாள்தான். அப்படியென்றால் எல்லாரையும்விடத் தகுதி உள்ளவன் நான். பன்னிரண்டாவது விண்ணப்பம் எனக்கே எழுதினேன்.

இடத்தையும் நானே தேர்ந்தேன். வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் தெரியும், இரவுக் காவலுக்கு வசதி. சேறும் மணலும் கலந்த அடி, மேலே சாதாளை. வெள்ளை அட்டை விரும்புகிற நிலம் அது. பகலில் மண்ணுக்குள் புதைந்து கிடந்து, பொழுதுபட வெளியே வந்து மண்ணைத் தின்று, அதிலுள்ள அழுக்கை எடுத்துக்கொண்டு மண்ணைத் திரும்பத் துப்புகிற சீவன். தீன் போடத் தேவையில்லை. சோம்பேறிக்கென்றே கடவுள் படைத்த பண்ணை என்று மனிசிக்குப் பகிடியாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அது அண்ணையின்ரை பாடெல்லோ?" என்றாள்.

அண்ணையின் பாடுதான். பெயர் வேண்டாம், ஊரில் எல்லோரும் அண்ணை என்றே கூப்பிடுவார்கள். வயது எழுபதுக்குக் கிட்ட. அவருடைய தகப்பன் சிறகுவலை நட்ட இடம், இடப்பெயர்வு முடிந்து வந்ததும் அவர் மறுபடி நட்ட இடம். உறுதி, பட்டா ஒன்றும் கிடையாது. கடலுக்கு ஆர் உறுதி எழுதினார்கள்? ஒவ்வொரு வருடமும் சோளகம் ஓய்ந்து வாடை பிடிக்கிற நேரம் கம்புகளைப் பிடுங்கி, கரையில் பூவரசுக்குக் கீழே அடுக்கி, கிடுகு போட்டு மூடிவிடுவார். மாரிக்கு வேறு இடம் போவார். சித்திரை கழிய வந்து திரும்ப நடுவார்.

அதாவது கார்த்திகையில் அந்த இடம் சும்மா கிடக்கும். நான் விண்ணப்பம் போட்டது கார்த்திகையில். அதிகாரி வந்து பார்த்ததும் கார்த்திகையில். இளம் பெடியன், மழைக்கோட்டோடு மோட்டார் சைக்கிளில் வந்தான், நல்ல மரியாதை.

"இஞ்ச ஆரும் தொழில் செய்யிறவையோ ஐயா?"

"பாருங்கோ சேர்" என்று கையை நீட்டிக் கடலைக் காட்டினேன். ஒரு கம்பு இல்லை. அவன் போனில் நான்கு மூலைக்கும் ஆள்கூறு எடுத்தான். தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டுப் போனான். பூவரசுக்குக் கீழே கிடுகு மூடிய அடுக்கு அவன் நின்ற இடத்திலிருந்து நாற்பது முழம் இருக்கும். அவன் அதைக் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

2023 மாசியில் குஞ்சு விட்டேன், ஒரு ஏக்கருக்கு ஐயாயிரம். வைகாசியில் அண்ணை வந்தார். கிடுகை விலக்கி, கம்பு அடுக்கின் மேலேயே இருந்து என் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வீட்டிலிருந்து இறங்கிப் போகக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"தம்பி, இது ஆர் தந்தது?"

"அரசாங்கம் அண்ணை. கடிதம் எல்லாம் ஒழுங்கா இருக்கு."

"ஆற்றை கடிதம்?"

"சங்கத்தின்ரை."

"சங்கம் எண்டால் ஆர்?"

அதற்கு நான் மறுமொழி சொல்லவில்லை. ஒரு கிழவன் கத்திப் பேசியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், மனம் ஆறியிருக்கும். அவர் கம்புகளை மூன்று நடையாகத் தோளில் சுமந்து தெற்கே கொண்டுபோனார். அங்கே ஆழம் கூட. நடந்துபோய்ப் பட்டி திறக்க முடியாது, வள்ளம் வேண்டும். வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் வேண்டும். உதவி என்ற பெயரில் எனக்கு வந்தது எந்த மனிசனின் செலவில் வந்தது என்று அன்றைக்கே கணக்குப் பார்த்திருக்கலாம்.

முதல் போகம் நன்றாய் வந்தது. ஒக்ரோபரில் வங்கித் தவணை கழுத்தைப் பிடித்ததால் பருவம் முற்ற முன்பே பிடித்து விற்றேன். இருட்டில் தலைவிளக்கோடு குனிந்து, இடுப்புத் தண்ணீரில் ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி எடுப்பது. கையில் எடுத்தால் விறைத்து உருண்டையாகும். வாங்க வந்த வியாபாரி வாடியில் கீறி, குடல் எடுத்து, அவித்து, மணலில் புதைத்து மேல்சுண்ணாம்பு உரசி, மறுபடி அவித்துக் காயப்போட்டார். இருபது கிலோ பச்சை அட்டை காய்ந்து ஒரு கிலோவாகும். கரிக்கட்டை மாதிரி இருக்கும் அதை நாங்கள் யாரும் வாயில் வைப்பதில்லை. ஹொங்கொங்கிலும் சீனாவிலும் கலியாணப் பந்தியில் வைக்கிறார்களாம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வெள்ளை அட்டையைத் தொட்டியில் பொரிக்கவைக்கும் வித்தை முதலில் கைவந்தது எங்களுக்கு எதிர்க்கரையில். தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சிக்காரர் 1988இல் செய்துகாட்டினார்கள். 2001இல் இந்தியா அட்டை பிடிப்பதை முழுதாய்த் தடைசெய்தது. இன்றைக்கு இராமேஸ்வரத்தில் ஒருவன் கையில் அட்டை அகப்பட்டால் வனத்துறை வழக்கு. அதே சீவனுக்கு இந்தக் கரையில் மானியம். சங்கக் கூட்டத்தில் இதைச் சொல்லி, எங்கள் அரசாங்கம் எவ்வளவு முன்னேற்றம் பாருங்கள் என்று ஒரு சிறு பிரசங்கம் செய்தேன். கைதட்டினார்கள். அண்ணை வந்திருக்கவில்லை.

இரண்டாம் போகத்துக்குக் குஞ்சு கிடைக்கப் பிந்திவிட்டது. 2024 ஆனியில்தான் விட்டேன். ஒன்பது மாதக் கணக்குப் பார்த்தால் பங்குனியில் பிடிக்கலாம். இடையில் ஒரு மாரி இருக்கிறது என்பது எனக்கு ஒரு விசயமாகவே தெரியவில்லை.

நவம்பர் கடைசி வாரம், பின்னாளில் 'பெங்கல்' என்று பெயர் வைத்த புயலின் மழை. யாழ்ப்பாணம் முழுக்க வெள்ளம், பள்ளிக்கூடங்களில் சனம். மூன்று நாள் பண்ணைக்குப் போகமுடியவில்லை. நாலாம் நாள் விடிய மழை விட்டிருந்தது. கடல் தேத்தண்ணி நிறம். கொட்டில் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தேன்.

பகல் வெளிச்சத்தில் அட்டைகள் மேலே கிடந்தன. புதைந்து கிடக்கவேண்டிய நேரத்தில் புதையவில்லை. சில வலையில் ஏறி ஒட்டியிருந்தன. இறங்கி ஒன்றைத் தூக்கினேன். விறைக்கவில்லை. விரலுக்கு இடையால் வழிந்தது. முதுகில் வெள்ளை வெள்ளையாய்த் தோல் உரிந்து, சளி மாதிரி நூல் நூலாய்க் கையில் ஒட்டியது. சில குடலைக் கக்கிவிட்டிருந்தன. மணம் இன்னும் வரவில்லை. அது அடுத்த நாள் வந்தது.

பின்னால் தண்ணீர் சலசலத்தது. அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து வந்தார். ஆர் சொல்லி வந்தார் என்று இன்றைக்கும் தெரியாது. என்னைப் பார்க்கவில்லை. குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் வைத்துத் துப்பினார்.

"உப்புக் காணேல்லை. வைச்சுப் பார்."

வைத்துப் பார்த்தேன். மழைநாளில் கிணற்றடித் தொட்டியில் நிற்கும் தண்ணீர் மாதிரி இருந்தது.

"தரவைத் தண்ணி முழுக்க அந்த மதகாலதான் இறங்கும்" என்று றோட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "இறங்கினது போக இடமில்லாமல் இதுக்குள்ளதான் நிக்கும். அங்கால பாலம் மறிக்குதெல்லே. நல்ல மாரியெண்டால் ஒரு கிழமை, பத்து நாள். மீனும் நிக்காது. அதுக்குத்தானே நான் மாரிக்குக் கம்பு பிடுங்கிறனான்."

கடல் தண்ணீரில் ஆயிரத்துக்கு முப்பத்தைந்து பங்கு அளவில் உப்பு இருக்கும். இருபதுக்குக் கீழே இறங்கிச் சில நாள் நின்றால் வெள்ளை அட்டை தாங்காது. பயிற்சி வகுப்பில் தந்த கைநூலில் இது இருந்தது. நான் கோடுகூடப் போட்டு வைத்திருந்தேன். எங்கே இறங்கும், எப்போது இறங்கும் என்பது கைநூலில் இல்லை. அது அண்ணையிடம் இருந்தது. அந்த இடம் கார்த்திகையில் ஏன் சும்மா கிடக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருப்பார். கேட்க எனக்கு வாய் வராது. கேட்டால் அவருடைய இடம் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். கடல் வெறுமையாய்க் கிடந்ததைத்தான் நான் எனக்குச் சாட்சியாய்க் காட்டினேன். அது எதனால் வெறுமையாய்க் கிடந்ததோ அதுவே என் அட்டையை அவித்துவிட்டது.

இப்படி எழுதுவதால் பண்ணையே வேண்டாம், அரசாங்க உதவியே கேடு என்று நான் சொல்வதாய் யாரும் எடுக்கவேண்டாம். உதவி இல்லாமல் தீவகத்தில் தொழில் நடந்ததாய் எனக்கு நினைவில்லை. ஊர்காவற்றுறைத் துறையில் நின்று பார்த்தால் எதிரே காரைநகர் தெரியும். அங்கே 1960களில் நோர்வேக்காரரின் உதவியோடு சீ-நோர் படகுத்தளம் தொடங்கினார்கள். ஒஸ்லோ வரை போன யாழ்ப்பாணத்து இளைஞர் அந்தோனி இராசேந்திரம் மூட்டிய முயற்சி அது. என் அப்பாவின் முதல் பைபர் வள்ளம் அங்கே வார்த்தது, தவணைக்கு எடுத்தது. அந்த வள்ளம் வந்தபோது ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் குறையவில்லை. எனக்குக் கிடைத்த உதவி வேறு சாதி. எனக்குத் தந்தது வலையும் குஞ்சும் என்றுதான் கோப்பில் இருக்கும். உண்மையில் தந்தது ஒரு ஏக்கர் கடல். அதற்குள் இன்னொருவன் நடக்க முடியாது. வள்ளம் கொடுத்த காலத்து மனத்தோடு கடலைக் கூறுபோட்டுக் கொடுத்தால் என்னைப் போன்ற ஒரு எழுத்துக்காரன் எல்லா ஊரிலும் இருப்பான்.

மச்சான் ஒருத்தன் நோர்வேயில் வடக்கே மீன் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்தவன். இந்தக் கதையைப் போனில் சொன்னேன். அங்கே சல்மன் பண்ணைக்காரருக்குப் புதிய அனுமதி விற்று அரசாங்கம் எடுக்கிற காசில் ஒரு பங்கை, 2016இல் இருந்து ஒரு நிதியம் வைத்து, கடலை விட்டுக்கொடுத்த கரையோர நகரசபைகளுக்கே திருப்பிக் கொடுக்கிறார்களாம். "அந்தக் காசிலதான் எங்கட பிள்ளையளின்ரை பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டவங்கள்" என்றான். கூரைக் கதை எவ்வளவு சரியோ, நிதியம் உண்மை. பெரிய பணக்கார நாட்டோடு எங்களை ஒப்பிடக்கூடாதுதான். ஆனாலும் கடல் ஒருவருக்கும் சொந்தமில்லாத வெறுங்காணி என்று அவர்கள் நினைக்கவில்லை என்பது மட்டும் உறைத்தது.

2025 தையில் சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்று அந்தக் கடிதத்தை வாசித்தேன். கார்பன் பிரதி கோப்பில் இருந்தது. வாசித்து முடித்து, பூவரசடியில் கம்பு அடுக்கி இருந்தது எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு பின்னால் இருந்து ஒருத்தர், "எங்களுக்கும் தெரியும்தானே செயலாளர், நாங்களும் கதைக்கேல்லை" என்றார். நான் எழுதிக்கொடுத்த பதினொரு பேரில் ஒருவர் அவர். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பதவியை விட்டேன். வலையை நானே பிரித்தேன். இடத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கும் ஒரு கட்டுத் தாள் இருந்தது. அதையும் நானே நிரப்பினேன். எடுக்கிறதைவிடக் கொடுக்கிறதுக்குக் கனநாள் எடுத்தது.

அண்ணையிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். "சரி, அந்தத் தலைப்பைப் பிடி" என்று வலையின் மறுமுனையை என்னிடம் தந்தார். பொழுதுபடும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு பேச்சு இல்லை.

பண்ணைக்காக விண்ணப்பிக்கப்போகிறவர்களிடமும் அதைப் பார்க்க வருகிற அதிகாரிகளிடமும் ஒன்று கேட்கிறேன். இடத்தைச் சோளகத்தில் ஒருக்கால், மாரியில் ஒருக்கால் பாருங்கள். அந்தக் கரையில் வயது கூடிய தொழிலாளி ஒருவரைக் கூட்டிவைத்துக்கொண்டு பாருங்கள். அவருக்குத் தேத்தண்ணிச் செலவு மட்டும்தான்.

எங்கள் சங்கத்தில் இப்போது ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தை மேசையில் எழுதுவதில்லை. கேட்ட இடத்துக்கு நேரே கரையில் நின்று, எல்லோர் முன்னிலும் வாசித்த பிறகுதான் முத்திரை. முதலாவது கடிதம் அப்படி வாசித்த அன்று, ஒரு ஏக்கர் கேட்டவர் அரை ஏக்கரோடு போனார். வள்ளப் பாதைக்கு மிச்சம் விட்டாயிற்று. செயலாளர் ஒரு பெண்பிள்ளை. கையெழுத்து என்னுடையதுபோல அழகில்லை, ஆனால் தகப்பனோடு கடலுக்குப் போனவள். அண்ணையின் கம்புகள் பழைய இடத்தில் நிற்கின்றன. என் வங்கிக் கடனில் இன்னும் பதினொரு தவணை கிடக்கிறது.